மருமகனே, தூளியை இழுத்துக் கட்டாதே

அன்புள்ள மருமகனே,

ஏற்காட்டிலிருந்து நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஹேமக்கை, அதாவது ஆள் படுக்கும் துணித் தூளியை, வீணைத் தந்தி மாதிரி முறுக்கிக் கட்டிவிட்டு, உள்ளே புட்டுக்குழல் மாவாக நசுங்கிக் கிடக்கிறாய். போதாததற்கு, "தோள் போச்சு மாமா, வேற நல்லதா வாங்கணும்" என்று ஒரு வரி. வாங்காதே. துணியில் குறை இல்லை, கட்டியதில்தான் கோளாறு. உன்னைத் தூளியில் போட்டு ஆட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

முதலில் அந்த நைலான் கயிற்றைத் தூக்கிப் போடு. மரப்பட்டையை அறுக்கும், ராத்திரியில் இழுபட்டு உன்னைத் தரைக்குக் கொண்டுவரும். 2.5 செ.மீ. அகலமாவது உள்ள பாலியஸ்டர் பெல்ட் வாங்கு. எவ்வளவு எடை தாங்கும் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கு. தொட்டில் கொக்கியை நம்பாதே.

அப்புறம் சாய்வு. கட்டை விரல் மேலே, சுட்டு விரல் படுக்கையாக இருக்கும்படி இரண்டையும் 'ட' எழுத்து மாதிரி விரி. இரண்டு நுனிகளையும் இணைக்கும் கோடுதான் பெல்ட் இறங்க வேண்டிய சாய்வு, தரைமட்டத்திலிருந்து ஏறக்குறைய 30 பாகை. நீ 70 கிலோ என்று வைத்துக்கொள், 30 பாகையில் ஒவ்வொரு பெல்ட்டிலும் கிட்டத்தட்ட அதே 70 கிலோ இழுவைதான் விழும், ஆனால் நீ கட்டியது போல 10 பாகைக்கு இழுத்தால் அது 200 கிலோவாகிவிடும், அறுந்து விழாமல் தப்பித்தது உங்கம்மா வேண்டிக்கொண்ட புண்ணியம்.

ஒவ்வொரு தடவையும் விரலை நீட்டிக்கொண்டிருக்க வேண்டாமென்றால், ஹேமக்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே மேலே ஒரு மெல்லிய, இழுபடாத கயிறு கட்டிவிடு. நீளம் துணியின் நீளத்தில் 83 சதவீதம். மூன்று மீட்டர் ஹேமக்குக்குச் சுமார் 2.5 மீட்டர். மரங்கள் எவ்வளவு தள்ளி இருந்தாலும் தொய்வு மாறாது. என் கணக்கில் இத்தனை குறைந்த செலவில் இவ்வளவு பலன் தருவது வேறெதுவும் இல்லை. கால் பக்கத்தை ஒரு சாண் உயர்த்திக் கட்டி, நடுக்கோட்டை விட்டு விலகிக் குறுக்காகப் படு. முதுகு நேராகும்.

குளிரை மட்டும் நானே பட்டுத்தான் கற்றேன். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். டிசம்பரில் நல்ல ஸ்லீப்பிங் பேக்குக்குள் இருந்தும் விடிய விடிய முதுகு விறைத்தது. உடம்புக்கு அடியில் பஞ்சு நசுங்கிவிட்டால் அதில் காற்று தங்காது, சூடும் நிற்காது, கீழே வேறு சிலுசிலுவென்று காற்று. தடிமனான ஃபோம் யோகா மேட் ஒன்றை அடியில் போட்டேன், சரியாகிவிட்டது.

மழை பெய்தால் பெல்ட் வழியாகத் தண்ணீர் ஊர்ந்து படுக்கைக்கு வரும். மேலே கூரையாகக் கட்டும் தார்ப்பாயின் நிழலுக்குள் பெல்ட்டில் பழைய பனியன் துண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிடு, அங்கேயே சொட்டிவிடும்.

கொசுவுக்கு? மெல்லிய துணி என்றால் அடியிலிருந்தும் கடிக்கும். அதற்கு மேட் போதும். மேலே அந்தக் கயிற்றிலேயே பழைய டபுள் காட் கொசுவலையைப் போட்டுக்கொள். எடுக்கும்போது உங்கம்மாவிடம் சொல்லிவிட்டு எடு, திரும்பி வரும்போது அது ஓட்டையோடுதான் வரும்.

அன்புடன்,
மாமா