துரத்தினால் எங்கே போவார்கள்?

அன்புள்ள கதிர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு நினைத்த வேலையே அமைந்ததில் எனக்கும் பெரும் மகிழ்ச்சி. என் முழங்கால் வலி குறைந்துவிட்டது. மற்றக் குடும்பச் செய்திகளைத் தொலைபேசியில் பேசிக்கொள்வோம். நீ கேட்ட அந்த ஒரு கேள்விக்கு மட்டும் எழுதித்தான் பதில் சொல்ல முடியும்.

பேரன் விளையாடும் பூங்காவில் போதை ஊசிகள் கிடந்ததைப் பார்த்துக் கொதித்துப் போயிருக்கிறாய். அந்தக் கோபத்தை இரக்கமின்மை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஆனால், போதைக்கு அடிமையானவர்களுக்கு இலவசமாக ஊசி கொடுப்பதை நிறுத்திவிட்டு அவர்கள் எல்லாரையும் துரத்த வேண்டும் என்கிறாயே, எங்கே துரத்துவது?

சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரம் அதைச் செய்து பார்த்தது. அங்கே பிளாட்ஸ்பிட்ஸ் பூங்காவில் வெட்டவெளியில் ஹெராயின் ஏற்றிக்கொள்வதைக் காவல்துறை சில ஆண்டுகள் கண்டும் காணாமல் விட்டிருந்தது. 1992 பிப்ரவரியில் பூங்காவைப் பூட்டினார்கள். கூட்டம் கலையவில்லை, அருகே கைவிடப்பட்டிருந்த லெட்டன் ரயில் நிலையத்துக்கு இடம் மாறியது. 1995இல் அதையும் மூடியபோதுதான் பலன் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் மெதடோன் (ஹெராயினுக்கு மாற்றாகத் தரும் மருந்து) சிகிச்சை, தங்குமிடங்கள், 1994 முதல் மருத்துவர் மேற்பார்வையில் ஹெராயின் என்று போவதற்கு இடங்கள் உருவாகியிருந்தன. விற்பவர்களைப் பிடிப்பதையும் காவல்துறை விடவில்லை. 2008இல் மக்கள் வாக்கெடுப்பில் 68 விழுக்காட்டினர் அந்த ஹெராயின் சிகிச்சையை ஆதரித்தார்கள்.

நீ சுட்டிக்காட்டிய அமெரிக்க மாநிலமான ஓரிகனின் கதை வேறு. சொந்த உபயோகத்துக்குச் சிறிதளவு போதைப்பொருள் வைத்திருப்பது 2021இல் அங்கே குற்றமல்ல என்றானது. 100 டாலர் அபராதம் மட்டும், உதவி எண்ணை அழைத்தால் அதுவும் தள்ளுபடி. அழைத்தவர்கள் மிகச் சிலர். சிகிச்சைக்கான பணம் தாமதமாக வந்தது, ஹெராயினைவிட வீரியமான ஃபென்டனில் என்ற போதைப்பொருள் முந்திக்கொண்டது. 2024 செப்டம்பரில் மீண்டும் குற்றமாக்கிவிட்டார்கள். தண்டனையை எடுத்த இடத்தில் வைப்பதற்கு ஒன்றும் தயாராக இல்லை என்பதே என் எண்ணம்.

பிடித்து அடைத்துத் திருத்தலாம் என்கிறாய். அடைபட்ட நாட்களில் உடல் போதையைத் தாங்கும் பழக்கத்தை இழந்துவிடும். வெளியே வந்தவன் பழைய அளவையே ஏற்றிக்கொண்டால் மூச்சு நின்றுவிடும். சிறையிலிருந்து வெளிவந்த முதல் இரண்டு வாரங்களில் இப்படி இறப்பவர்கள் ஏராளம். பக்கத்தில் நலாக்சோன் என்ற மாற்று மருந்தோடு ஒருவர் இருந்தால் பிழைப்பான். தனியாக ஒரு கழிப்பறைக்குள் விழுந்தால் பிழைக்கமாட்டான். பயிற்சி பெற்றவர்கள் பார்த்திருக்கப் போதை ஏற்றிக்கொள்ளும் கண்காணிப்பு அறைகளை நான் ஆதரிப்பது இதனால்தான்.

அதோடு நின்றுவிடுவதும் எனக்கு உடன்பாடில்லை. தெருவில் படுப்பவன் மாத்திரையை எங்கே பத்திரமாக வைப்பான்? மருத்துவமனை எந்த முகவரிக்குக் கடிதம் அனுப்பும்? உறங்கினால் உடைமை போய்விடும், பெண்ணாக இருந்தால் அதைவிடக் கொடுமை நடக்கும் என்று அஞ்சி, விழித்திருப்பதற்காகவே மெத் என்ற போதைப்பொருளை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் முதலில் போதையை விடு, பிறகு வீடு தருகிறோம் என்கிறோம். பின்லாந்து 2008 முதல் இதைத் திருப்பிப் போட்டது: முதலில் வாடகை வீடு, மற்றவை பிறகு. வீடற்றோர் எண்ணிக்கை அங்கே பெருமளவு குறைந்தது.

நகர மன்றக் கூட்டத்தில் பேசப்போவதாக எழுதியிருக்கிறாய். கட்டாயம் பேசு. பூங்காவைத் தினமும் விடியற்காலையில் சுத்தம் செய்யச் சொல், பயன்படுத்திய ஊசிகளைப் போட்டுவைக்கப் பூட்டிய பெட்டிகள் கேள். கூடவே, சிகிச்சை வேண்டும் என்று இன்று வருபவனுக்கு எத்தனை நாள் கழித்து இடம் கிடைக்கும், அதுவரை அவன் எங்கே படுப்பான் என்றும் கேள். என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
முருகேசன்