'லேற்' போடுமுன் பாருங்கள்

ஆசிரியருக்கு,

கண்ணீர் அஞ்சலிப் பதாகையிலிருந்து வங்கிப் படிவம் வரை வன்னியில் அடிக்கடி கண்ணில் படும் ஆங்கிலச் சொல் 'லேற்'. பிந்துவதற்கும் அதுதான், காலஞ்சென்றவருக்கும் அதுதான். எது என்பதை அது நிற்கும் இடம்தான் காட்டும்.

'மை', 'த' போன்ற சொல்லுக்கும் ஆளைக் குறிக்கும் சொல்லுக்கும் நடுவே நின்றால் ஆள் உயிரோடு இல்லை: 'மை லேற் ஃபாதர்'. அதையே 'மை ஃபாதர் இஸ் லேற்' என்று எழுதினால், அப்பா இன்னும் வந்து சேரவில்லை என்றுதான் வாசிப்பவர் எடுப்பார். யாழ்தேவி பிந்தினாலும் இதே அமைப்புத்தான், நிமிடக் கணக்கு முன்னால் வரும்: 'ரென் மினிற்ஸ் லேற்'.  

ஓய்வுபெற்ற அதிபர் 'ஃபோமர் பிரின்சிப்பல்'. அவரை மேடையில் இருத்திவிட்டு அழைப்பிதழில் 'லேற் பிரின்சிப்பல்' என்று அச்சடித்தால் மாலையை எங்கே போடுவது? வன்னியின் பழைய மன்னன் பண்டாரவன்னியனுக்கும் 'லேற்' பொருந்தாது. அண்மைக் காலத்தில் மறைந்தவர்களுக்கே அது.

'லேற் ஒக்ரோபர்' என்றால் ஒக்ரோபரின் கடைசிப் பத்து நாள் அளவு. காலபோக விதைப்பு நவம்பருக்குத் தள்ளிப்போனது என்று பொருளல்ல. 'லேற்லி' பிந்தி வந்ததைச் சொல்லாது, அது 'அண்மைக்காலமாக'.

இவையெல்லாம் பரீட்சையில் ஒன்றிரண்டு புள்ளியோடு போகும். காணாமல் ஆக்கப்பட்டவரின் பெயருக்கு முன்னால் விழும் 'லேற்' அப்படியல்ல. பிள்ளையின் விண்ணப்பத்தைக் கொமினிகேசன் கடையில் ஆங்கிலத்தில் அடிக்கும்போது, தகப்பன் வீட்டில் இல்லை என்றதும் கை தன்பாட்டில் அதைப் போட்டுவிடுகிறது. கீழே தாய் ஒப்பமிட்டால், கணவர் இறந்துவிட்டார் என்று அவரே எழுத்தில் கொடுத்ததாகிவிடும். அங்கே பெயரை மட்டும் எழுதி, பக்கத்தில் 'மிஸ்ஸிங் சின்ஸ்' என்று போட்டு ஆண்டைக் குறியுங்கள். 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டப்படி, மரணச் சான்றிதழ் எடுக்காமலே, அவர் காணாமற்போனவர் என்று பதிந்து சான்றிதழ் பெற வழியிருக்கிறது. காணாமற்போனவர் சான்றிதழை எடுத்திருந்தால் அதன் பிரதியையும் இணையுங்கள். ஒப்பமிடுமுன் தகப்பன் பெயர் உள்ள வரியை, ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஆங்கில ஆசிரியர்கள் சிலர்,
கிளிநொச்சி