நீங்கள் போட்ட ஓட்டைக்குத் திட்டு வாங்குவது தொடரை எழுதியவர்கள்

வணக்கம்.

உங்கள் ஸ்ட்ரீமிங் சேவைக்கு நான்கு வருடமாகச் சந்தா கட்டுகிறேன். போன மாதம் உங்கள் சாட்டில் இதே விஷயத்தைச் சொன்னேன், ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றிப் பாருங்கள் என்று பதில் வந்தது, பத்து நிமிடத்தில் புகாரும் முடிந்ததாகக் குறிக்கப்பட்டுவிட்டது. என் ஆப்பில் ஒரு கோளாறும் இல்லை. அதனால்தான் இந்த முறை கடிதமாகவே எழுதுகிறேன், தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

நாங்கள் ஏழெட்டுப் பேர் உங்களிடம் இருக்கும் ஒரு பழைய விண்வெளித் தொடரை (பெயர், எபிசோட் எண் எல்லாம் இணைப்பில் இருக்கிறது) வாரம் இரண்டு எபிசோட் என்று பார்த்து, அப்புறம் மணிக்கணக்கில் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள். எங்கே லாஜிக் இடிக்கிறது, மூன்றாவது சீசனில் சொன்னது முதல் சீசனோடு ஒத்துப்போகிறதா, இதுதான் எப்போதும் எங்கள் பேச்சு. தொடரின் மேல் பிரியம் இருக்கப்போய்த்தான் சண்டை போடுகிறோம். ஆனால் நாங்கள் வாரக்கணக்கில் சண்டை போட்ட பிழைகளில் பாதி தொடரில் இல்லவே இல்லை, உங்களிடம் வந்த பிறகு முளைத்தவை. எங்களில் ஒருவரிடம் பழைய டிவிடி இருந்தது, அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது.

முதலில் சப்டைட்டில். கதையில் கப்பல் பிராக்சிமா சென்டாரி என்ற நட்சத்திரத்துக்குப் போகிறது, 4.24 ஒளியாண்டு தூரம், ஒளியின் வேகத்தில் 86.6 சதவீத வேகம். இன்ஜினியர் கிளம்பும்போது அவளுடைய மகளுக்கு 6 வயது. போய்ச் சேர்ந்த அன்று பூமியிலிருந்து மகள் பேசும் வீடியோ வருகிறது, அதில் அந்தக் குழந்தை கொஞ்சம்கூட வளராமல் அப்படியே இருக்கிறது. உங்கள் தமிழ் சப்டைட்டில் அந்த இடத்தில் "நாம் கிளம்பி நான்கு ஒளியாண்டுகள் ஆகிவிட்டன" என்கிறது. ஒளியாண்டு தூரத்தின் அளவு, சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர், அது எப்படி "ஆகும்"? அது போகட்டும், அதைப் படிக்கிறவருக்கு என்ன தோன்றும்? நான்கு வருடம் ஓடிவிட்டது, குழந்தை மட்டும் வளரவில்லை, ஒரே நாளில் எல்லாக் காட்சியையும் எடுத்துத் தள்ளிவிட்டார்கள், நம் காதில் பூச்சுற்றுகிறார்கள். எங்களுக்கும் அதுதான் தோன்றியது. மூன்று வாரம் அதைப் பேசித் தொடரை எழுதியவர்களைக் கிழித்துத் தொங்கவிட்டோம்.

ஆங்கில வசனத்தைக் காதால் கேட்டால் இன்ஜினியர் சொல்வது வேறு. வீடு நான்கு ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிறது, இந்த வீடியோ கிளம்பி நான்கு வருடம் மூன்று மாதம் ஆகிறது என்கிறாள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த வேகத்தில் பயணத்துக்குப் பூமிக் கணக்கில் 4.9 வருடம் ஆகும். அந்த வேகத்தில் கப்பலின் கடிகாரம் பூமிக் கடிகாரத்தோடு ஒப்பிட்டால் பாதி வேகத்தில்தான் ஓடும் என்பதால் கப்பலில் இருப்பவர்களுக்குக் கழிந்தது இரண்டரை வருடத்துக்கும் கொஞ்சம் குறைவு. வீடியோ ஒளியின் வேகத்தில் வந்தாலும் வழியில் 4.24 வருடம் எடுக்கும். அப்படியென்றால் அவள் பார்க்கும் வீடியோ அவள் கிளம்பிய எட்டே மாதத்தில் எடுத்தது! குழந்தைக்கு அதில் ஏழு வயதுகூட ஆகியிருக்காது. அடுத்த வரியில் அவள் "இப்போது அவளுக்குப் பதினொன்று ஆகப்போகிறது" என்று சொல்லிவிட்டு அழுகிறாள், அந்த வரி உங்கள் சப்டைட்டிலில் கிடையாது. கணக்கு வருடம் மாதம் வரை சரியாக உட்காரும்படி, அந்தக் கணக்கையே ஒரு தாயின் அழுகையாக மாற்றி எழுதியிருக்கிறார்கள். டிவிடியில் அதைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இவர்களையா அவ்வளவு திட்டினோம் என்று வெட்கமாக இருந்தது.

அந்தத் தொடரில் ஓட்டையே இல்லை என்று சொல்லவில்லை. பூமியின் ஈர்ப்பு அளவுக்கு விடாமல் முடுக்கினாலும் அந்த வேகத்தைத் தொடவே கப்பல் கணக்கில் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், தொடரில் ஏதோ பஸ் கிளம்புவது மாதிரி கிளம்பிவிடுகிறார்கள். அது அவர்கள் விட்ட ஓட்டை, அதைப் பற்றி நாங்கள் சந்தோஷமாக அடித்துக்கொள்வோம். ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடரில் 1966-ல் வந்த ஒரு எபிசோடில் கேப்டன் கிர்க்கின் பெயரோடு வரும் கல்லறைக் கல்லில் நடு எழுத்து 'ஆர்' என்று இருக்கும், பிற்பாடு அது 'டி' ஆகிவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் அதற்கு விளக்கம் சொல்ல ரசிகர்கள் இருக்கிறார்கள். எழுதியவர்கள் விட்ட பிழை என்றால் அதில் ஒரு சுவை இருக்கிறது. நடுவில் இருப்பவர் உண்டாக்கிய பிழையில் என்ன இருக்கிறது, யோசித்த மூளையும் நேரமும்தான் வீண்.

அடுத்தது வரிசை. முதல் சீசனில் ஒன்பதாவதாக வரவேண்டிய எபிசோட் உங்களிடம் நான்காவதாக நிற்கிறது. அதில் கப்பலின் டாக்டர் செத்துப்போகிறார். ஐந்தாவதில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறார். எங்களில் ஒருவர் இதற்காக, இறந்தது டாக்டரின் நகல், உண்மையான டாக்டர் வேறு என்று ஒரு பெரிய கோட்பாடே கட்டினார், நானும் அதை நம்பி இரண்டு சீசன் முழுக்க ஆதாரம் தேடினேன். இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கும் ஒரு கல்லூரிப் பையன் எங்களோடு இருந்தான், இது என்ன தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் என்று ஐந்தாவதோடு நிறுத்திவிட்டான். எவ்வளவு சொல்லியும் திரும்பி வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வரிசை மாறினால் ஒரு தொடர் என்ன ஆகும் என்பது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமும் இல்லை. ஃபயர்ஃப்ளை என்ற அமெரிக்க விண்வெளித் தொடரை 2002-ல் ஒளிபரப்பியபோது, பாத்திரங்களை அறிமுகப்படுத்தும் இரண்டு மணி நேர முதல் எபிசோடைக் கடைசியாக, டிசம்பர் 20-ஆம் தேதி போட்டார்கள். யார் யார், ஏன் ஒன்றாக இருக்கிறார்கள் என்றே தெரியாமல் ஜனங்கள் பார்த்தார்கள். அடுத்த வருடம் டிவிடி வந்தபோதுதான் வரிசை நேரானது. அன்றைக்கு டிவியில் ஒருமுறை ஓடினால் ஓடியதுதான். உங்களுக்கு அப்படி இல்லை, பட்டியலில் எண்ணை மாற்றினால் போதும்.

இன்னொன்று, படத்தை வெட்டியிருக்கிறீர்கள். இது 4:3 அளவில் (அகலம் நான்கு பங்கு என்றால் உயரம் மூன்று பங்கு) எடுத்த தொடர். அகலத் திரையை நிரப்புவதற்காக 16:9 ஆக்கியதில் மேலும் கீழுமாக உயரத்தில் கால்வாசி போய்விட்டது. கட்டுப்பாட்டு அறைக் காட்சிகளில் சட்டத்தின் கீழ்ப்பகுதியில் இரண்டு கடிகாரம் இருக்கும், இடது பக்கம் கப்பல் நேரம், வலது பக்கம் பூமி நேரம். எந்தக் காட்சி எப்போது நடக்கிறது என்று வசனமே இல்லாமல் அதை வைத்துத்தான் சொல்கிறார்கள். உங்கள் படத்தில் இரண்டும் இல்லை. தேதி எங்கே சொன்னார்கள் என்று நாங்கள் தேடாத இடம் இல்லை. ஓரத்தில் கருப்புப் பட்டை வந்தால் எங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடாது, முழுப் படத்தையும் கொடுங்கள்.

டிவி ஆப்பில் எபிசோட் முடிவில் பெயர் எழுத்துகள் ஓட ஆரம்பித்ததுமே அடுத்த எபிசோடுக்குத் தாவிவிடுகிறது, அதற்குப் பிறகு வரும் சின்னக் காட்சிகள் போய்விடுகின்றன. அதை நிறுத்தும் வசதி போனில் இருக்கிறது, டிவியில் இல்லை.

எனக்குப் பணம் திரும்ப வேண்டாம், இலவச மாதமும் வேண்டாம். முதல் சீசன் வரிசையைச் சரிசெய்யுங்கள், அசல் அளவில் படத்தைப் போடுங்கள், சப்டைட்டிலை அறிவியல் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத் திருத்துங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் நாங்களே உட்கார்ந்து பார்த்துத் தருகிறோம், எங்களில் இரண்டு பேர் இயற்பியல் படித்தவர்கள். நான் கண்டுபிடித்த 41 தவறான வரிகளை நிமிடம், நொடியோடு குறித்து, அசல் வசனத்தின் பொருளையும் எதிரே எழுதி இணைத்திருக்கிறேன். மகளின் வீடியோ வரும் காட்சி அதில் 17-வது, குறைந்தபட்சம் அதையாவது முதலில் திருத்துங்கள்.

சப்டைட்டிலுக்குப் பொறுப்பானவர் படித்துப் பதில் எழுதும்வரை இந்தப் புகாரை முடிந்ததாகக் குறிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்