இரண்டு நாள் என்றால் எத்தனை மணி நேரம்? பயண விதிகளை எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் 31 வருடம் கிராணியாக, அதாவது தோட்ட எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன். இன்றைக்கும் ஊரில் யாருக்காவது பாரம் (படிவம்) நிரப்ப வேண்டும் என்றால் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அதனால் உங்கள் கோவிட் பயண விதிகளை நான் பல தடவை படித்திருக்கிறேன். எழுதியவர்களே அத்தனை தடவை படித்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது முதல் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். எங்கள் லயத்திலேயே (தோட்டக் குடியிருப்பு வரிசை) நான்கு பேரைப் பறிகொடுத்தோம். சோதனையே வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. போன வாரம் என் அக்காவுக்கு நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அக்காவுக்கு 68 வயது. முப்பது வருடத்துக்கு மேல் பால் மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். 2022 ஏப்ரல் 1 அன்று எல்லை திறந்ததும், இரண்டு வருடமாகத் தள்ளிப்போன குலதெய்வ வேண்டுதலை முடிக்கத் தமிழ்நாட்டில் இருக்கும் முசிறிக்குக் கிளம்பினார். போவதற்கு, இந்தியா இணையத்தில் கேட்ட ஏர் சுவிதா பாரம், 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் முடிவு, தடுப்பூசிச் சான்றிதழ் எல்லாவற்றையும் நானே சரிபார்த்து அனுப்பினேன். அங்கே மணிக்கணக்கு. மணிக்கணக்கு எனக்குப் புரியும்.

திரும்பி வரும்போதுதான் வினை. நம் நாட்டு விதி, கிளம்புவதற்கு 'இரண்டு நாள் முன்' ஆர்டி-பிசிஆர் என்றது. அக்காவின் விமானம் 29ஆம் தேதி நள்ளிரவு தாண்டி 12:30க்கு. அதாவது 28ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 28இல் இரண்டைக் கழித்தால் 26. அன்று சாயங்காலம் ஆறு மணிக்குச் சோதனை எடுத்தார். கணக்குப் போட்டுச் சொன்னது நான்தான். விமான நிலைய முகப்பில் (கவுண்டரில்) இருந்த பிள்ளை மணியை எண்ணியது. ஐம்பத்து நான்கரை மணி நேரம் ஆகிவிட்டதாம், ஏற்ற முடியாதாம்.

இங்கே நள்ளிரவு பன்னிரண்டரைக்கு போன் வந்தது. அங்கே அப்போது பத்து மணி. "தம்பி, காலையில எடுத்த பாலு மத்தியானத்துக்குள்ள உறைஞ்சு போவுமே, அந்த மாதிரி என் தாளும் உறைஞ்சு போச்சாம்டா" என்றார். அழவில்லை. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நாந்தான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன் போல" என்றார். விடியும்வரை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். சோதனைத் தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, யார் கேட்டாலும் எடுத்துக் காட்ட. யாரும் கேட்கவில்லை.

மறுநாள் அவசரக் கட்டணம் கொடுத்து இன்னொரு சோதனை, டிக்கெட் மாற்ற 780 வெள்ளி (ரிங்கிட்). இதற்கிடையில் 27ஆம் தேதியே நீங்கள் அறிவித்துவிட்டீர்கள்: மே 1 முதல் முழுத் தடுப்பூசி போட்டவர்களுக்குக் கிளம்பும் முன்னும் சோதனை இல்லை, வந்த பின்னும் இல்லை. நல்ல செய்திதான். ஒன்றாம் தேதி விமானத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்டோம். இல்லை. அக்கா 30ஆம் தேதி காலை ஏழு மணிக்கு வந்து இறங்கினார். இன்னும் ஒரு நாள் கழித்து வந்திருந்தால் ஒன்றுமே தேவைப்பட்டிருக்காது. முந்தி வந்த குற்றத்துக்கு 24 மணி நேரத்துக்குள் இன்னொரு சோதனை.

அதையும் சொல்லிவிடுகிறேன். விமான நிலையத்திலேயே முடித்திருக்கலாம். வரிசையைப் பார்த்துவிட்டு, "ஊர்லயே பாத்துக்கலாம் மாமா" என்றான் மருமகன். அது எங்கள் தவறு, உங்கள் தலையில் கட்டவில்லை. ஆனால் அன்று நோன்புப் பெருநாளுக்கு முந்தின சனிக்கிழமை. கோலாலம்பூரே வடக்கு நோக்கிக் கிளம்பியிருந்தது. ஊர் வந்து சேர மாலை நாலு மணி. கிளினிக் மூடியாயிற்று. கடந்து வந்த ஈப்போவுக்கே மறுபடி முப்பது கிலோமீட்டர். மருந்துக் கடையில் 19 வெள்ளி 90 காசுக்கு மேல் விற்கக்கூடாது என்று நீங்களே விலை வைத்த சுயபரிசோதனைக் கருவி வீட்டு அலமாரியில் இரண்டு இருந்தது. அது செல்லாது, தொழில்முறையாக எடுத்தால்தான் செல்லுமாம்.

இதே ஏப்ரல் 1 முதல், தடுப்பூசி போட்டவர்கள் சிங்கப்பூரிலிருந்து ஜொகூர் பாலத்தைத் தரை வழியாகக் கடக்கச் சோதனையே கிடையாது. கிருமிக்குப் பாலம் பிடிக்காது, விமானம்தான் பிடிக்கும் போலிருக்கிறது. எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் சொகுசுக் கப்பல் சமையலறையில் வேலை செய்கிறான். கப்பலுக்கு ஒரு விதி, துறைமுகத்துக்கு ஒரு விதி, அங்கே போய்ச் சேரும் விமானத்துக்கு ஒரு விதி. அமெரிக்காவில் 2021 டிசம்பரில், விமானம் ஏறுமுன் சோதனை எடுக்கும் கெடுவை மூன்று நாளிலிருந்து ஒரு நாளாக்கினார்கள். ஆனால் அந்த ஒரு நாள் 24 மணி நேரம் இல்லை, நாள்காட்டி நாள் என்று அவர்களாவது எழுதிவைத்தார்கள்.

ஐயா, நான் கேட்பது ஒரு தாள். விதி எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து செல்லும் என்று மேலே எழுதிய ஒரு தாள். 'இரண்டு நாள்' என்று போடாமல் இத்தனை மணி நேரம் என்று போட்டு, நள்ளிரவு விமானத்துக்கு ஓர் உதாரணமும் காட்டிய தாள். முகப்பில் நீட்டினால் அங்கிருக்கும் பிள்ளை மறுக்க முடியாத தாள். தமிழிலும் இருக்க வேண்டும்.

தமிழிலா என்று சிரிக்க வேண்டாம். வெள்ளைக்கார துரை காலத்தில், காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) நிற்கும் இடத்தில் ஒரு பலகை இருக்கும். சம்பள நாள் மாறினால் தேதி போட்டு, முத்திரை குத்தி, தமிழில் ஒட்டுவார்கள். துரைக்கு எங்கள் மேல் பிரியம் என்று சொல்ல வரவில்லை. ஆள் தப்பான நாளில் வந்து நின்றால் அவருக்குத்தான் நஷ்டம். இப்போது ஆள் தப்பான நாளில் வந்து நின்றால் நஷ்டம் ஆளுக்கு. அதனால்தான் பலகை இல்லையோ என்னவோ.

எல்லாம் கைபேசிச் செயலியில் இருக்கிறது என்பீர்கள். அந்தச் செயலி எங்கள் லயத்தில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்றால் திறக்கும், மழை வந்தால் அதுவும் இல்லை. ரோடு போடுகிறோம் என்று வந்தார்கள், கைபேசிக் கோபுரம் கட்டுகிறோம் என்று வந்தார்கள். தேர்தல் வரும்போது கைகொடுத்துப் போனவர்கள்... சரி, அது வேறு மடல். 2022 மே 1 முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,500 வெள்ளி ஆனது. அதற்கு முன் எங்களைப் போன்ற பட்டணத்துக்கு வெளியே உள்ள இடங்களில் 1,100. அந்த 1,100க்குப் பக்கத்தில் 780ஐ வைத்துப் பாருங்கள், நான் கோபமாக எழுதுகிறேனா என்று அப்புறம் சொல்லுங்கள்.

இனி சோதனையே இல்லையே, எதற்குப் பழைய கதை என்று கேட்கலாம். இந்த 2022 மே மாதத்தில், தடுப்பூசி முழுதாகப் போடாதவர்களுக்கு இன்னும் சோதனையும் ஐந்து நாள் தனிமைப்படுத்தலும் உண்டு. இந்தியாவின் ஏர் சுவிதா பாரமும் இந்த மாதம்வரை இருக்கிறது. புதிதாய் ஓர் உருமாற்றம் வந்தால் 'இரண்டு நாள்' திரும்பி வரும். அப்போதும் யாராவது ஒரு கிராணிதான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பான்.

எனவே மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். தேதியும் மணியும் போட்ட ஒரு தாள். விதி மாறினால், முன்பே டிக்கெட் எடுத்தவர்களுக்கு என்ன வழி என்று அதிலேயே ஒரு வரி. அக்கா தை மாதம் மறுபடி முசிறி போக வேண்டும் என்கிறார், அவருடைய பேரனுக்குக் காது குத்து. அதற்குள் ஒட்டிவிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
முன்னாள் கிராணி ஒருவன்
சுங்கை சிப்புட், பேராக்
மே 2022