ராத்திரி பஸ்ஸில் வரும் பார்சல்

கண்ணு,

இங்கே எல்லோரும் நலம். செவலை கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, அப்பா எழுதச் சொன்னார்.

நாலு நாளாக முகம் காட்டாமலே பேசுகிறாய். நெட்வொர்க் இல்லை என்கிறாய். சரி, பெங்களூரில் இல்லாத நெட்வொர்க் நம்ம தோட்டத்தில் இருக்கிறது, நம்பிக்கொள்கிறேன். இருமல் மட்டும் தெளிவாகக் கேட்கிறது.

தைப்பூசத்துக்குச் சென்னிமலையில் நூறு படிக்குள் மூன்று தடவை உட்கார்ந்தாய். எட்டாவது படிக்கிறபோது 1,320 படியையும் ஓட்டமாய் ஏறின பையன். நான் யாரிடமும் சொல்லவில்லை.

மாமன் நினைப்பாகவே இருக்கிறது. 2021 மே மாதம் அந்த டாக்டரம்மா சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. வயிற்றுக் கொழுப்பு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கிற உதரவிதானத்தை மேலே தள்ளுமாம். மல்லாந்து படுத்தால் நுரையீரலின் அடிப்பக்கம் விரிய இடமிருக்காதாம். கொழுப்பு சும்மா கிடக்கிற சதையும் இல்லையாம், உள்ளே ஓயாமல் அழற்சியைக் கிளப்புமாம். அதன்மேல் கொரோனாவும் வந்தால் கேட்கவா வேண்டும். மூச்சு கிடைக்கட்டும் என்று எல்லோரையும் குப்புறப் படுக்க வைத்தார்கள். மாமனால் அப்படிக் கொஞ்ச நேரம்கூடப் படுக்க முடியவில்லை. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. உடம்புதான்.

இங்கிலாந்துப் பிரதமராயிருந்த போரிஸ் ஜான்சன், 2020-இல் கொரோனாவால் ஐசியூ வரை போய்வந்த பிறகு, தான் ரொம்பக் குண்டாக இருந்ததை வாய்விட்டே சொன்னார். அவருக்கில்லாத வெட்கம் உனக்கென்ன? உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கிற பிஎம்ஐ, நம்ம ஆட்களுக்கு 25 வந்தாலே பருமன் கணக்கு, 30 எல்லாம் வெள்ளைக்காரருக்கு. எடை பார். ராத்திரி பரோட்டா வேண்டாம். எடை பார், கண்ணு.

உன்னைச் சொல்ல எனக்கென்ன யோக்கியதை? ஒப்புட்டுக்கு மேல் ஒப்புட்டாய் நெய் ஊற்றி வைத்தது நான். "கொழுகொழுன்னு வளத்திருக்கறீங்க" என்று ஒரம்பரை சொன்னால் எனக்குத் தலைகால் புரியாது. மாமனுக்குக் காய்ச்சல் வந்தபோதும், நல்ல கட்டை, தாங்கும் என்று கஷாயம் கொடுத்து மூன்று நாள் வீட்டிலேயே வைத்திருந்தேன். அப்பாவிடம் ஒரு நாள் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

ரத்தத்தில் ஆக்சிஜன் பார்க்க விரலில் மாட்டுகிற மெஷினை இதோடு வைத்திருக்கிறேன். மாமனுக்கு வாங்கினதுதான், பேட்டரி மாற்றியாயிற்று. 94-க்குக் கீழே காட்டினால் எனக்குக் கூப்பிட்டுக்கொண்டு நிற்காதே, நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. உன் பெண்டாட்டியைத் திட்டாதே, அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா