தவணை முடியுது, அப்புறம் ஆண்டு 5 மாடல் விஷயம்

அன்பான பெற்றோர்களுக்கு வணக்கம்.

இந்தத் தவணை நல்லபடியா முடியுது. விளையாட்டுப் போட்டி நடந்துச்சு, திருக்குறள் போட்டியில பிள்ளைங்க நல்லா சொன்னாங்க, எல்லாரும் சேந்து செய்யிற கோத்தோங் ரோயோங் வேலைக்கு நெறைய பேர் வந்தீங்க, ரொம்ப சந்தோஷம்.

இப்ப ஒரு விஷயம் மனசு விட்டு பேசணும். பனியாறு, அதாவது மலையிலேர்ந்து மெதுவா நகர்ற பெரிய பனிக்கட்டி, எப்படி பள்ளத்தாக்க செதுக்குதுன்னு மாடல் செஞ்சு வரச் சொல்லி ஆண்டு 5 பிள்ளைங்களுக்கு டீச்சர் புரோஜெக்ட் குடுத்தாங்க. வந்ததெல்லாம் அவ்ளோ அழகு, போலிஸ்டிரின் மலை, வெள்ளை பெயிண்ட், கம்ப்யூட்டர்ல அடிச்ச லேபல். ஆனா "இந்தப் பள்ளம் எப்படி வந்துச்சு கண்ணு"ன்னு கேட்டா பிள்ளைங்க முழிக்கிறாங்க. பாதி மாடல்ல பள்ளத்தாக்கு வி வடிவத்துல இருக்கு, அது ஆறு வெட்டுற வடிவம். லயத்துக்குப் பின்னால மழத்தண்ணி ஓடி மண்ண அரிச்ச எடத்த பாருங்க, அடியில கூரா இருக்கும், ஏன்னா தண்ணி அடியத்தான் அரிக்குது, ரெண்டு கரையும் தானா சரிஞ்சு விழுது. பனியாறு அப்படியில்ல, பள்ளம் முழுக்க அடைச்சுக்கிட்டு தன் வெயிட்லயே மெதுவா நகரும், அடியையும் பக்கத்தையும் சேத்து தேய்க்கும், அதான் யு வடிவம்.

ஒரு பையன் மட்டும் பழைய தட்டுல ஈர மண்ண நெரப்பிக் கொண்டு வந்தான். மைலோ டின்ல தண்ணி, மணல், சின்னக் கல்லு போட்டு உறைய வச்ச ஐஸ மண்ணு மேல அழுத்தி இழுத்தான். வெறும் ஐஸையும் இழுத்துக் காட்டி "இது வழுக்கிட்டு போவுது சார், கல்லு இருந்தாதான் கீறுது"ன்னான். முன்னாடி குவிஞ்ச மண்ணையும் காட்டினான், அதுக்குப் பேர்தான் மொரேன். வீட்ல ரெண்டு பேரும் விடியறதுக்கு முன்னாடியே ரப்பர் பால் வெட்டப் போயிடுறதால அவனே செஞ்சிருக்கான். எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

இது எங்கயோ குளிர் நாட்டுக் கதைன்னு நெனைக்காதீங்க. சபாவுல 4,095 மீட்டர் உயரத்துல இருக்கிற நம்ம கினபாலு மலை உச்சியிலயும் பனியுகத்துல பனி மூடியிருந்துச்சு, அது தேச்ச கோடு இன்னைக்கும் அந்தப் பாறையில இருக்கு. அத சொன்னதும் கிளாஸே எழுந்து நின்னுடுச்சு.

அதனால கண்டிப்பா சொல்றேன். பெரியவங்க செஞ்சதையும் கடையில காசு குடுத்து செஞ்சதையும் இனிமே பள்ளி ஏத்துக்காது, மார்க்கும் கிடையாது. மார்க் ஏன் கொறைஞ்சதுன்னு ராத்திரி பதினோரு மணிக்கு வாட்சப் குழுவுல டீச்சர கேக்கறதையும் தயவுசெஞ்சு நிறுத்துங்க.

பிள்ளைங்க மேல உள்ள பாசத்துலதான் செஞ்சீங்க, எனக்குத் தெரியும், வேலை முடிஞ்சு வந்த அலுப்புல ராத்திரி முழிச்சு ஒட்டியிருக்கீங்க. யாரையும் குத்தம் சொல்லல. அடுத்த புதன்கிழமை பள்ளியிலயே எல்லாரும் திரும்ப செய்யப் போறாங்க. ஒரு காலி டின், ஒரு கைப்பிடி மணல் குடுத்து அனுப்புங்க, ஐஸ் பள்ளி கேன்டீன்ல உறைய வச்சிடலாம். லீவு இருக்கிறவங்க வந்து பக்கத்துல நின்னு பாருங்க, கை மட்டும் வைக்காதீங்க.

இவ்ளோ நாள் குடுத்த ஒத்துழைப்புக்கு ரொம்ப நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்