ஆர்.சி.யில் இருக்கிறது, பாலிசியில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழில், மாற்றியமைத்த கார்களுக்கு அபராதம் விதிப்பது பற்றிய செய்தியைப் படித்தேன். கண்ணைக் கூச வைக்கும் விளக்கு, காதைப் பிளக்கும் சைலன்சர், முன்பக்கம் இரும்புக் கம்பி என்று மாட்டிக்கொண்டு ஓடும் வண்டிகளைப் பிடிப்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. நடந்து போகிறவர் மேல் அந்தக் கம்பி மோதினால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதைக் கழற்றச் சொன்னது. ஆனால் என்னுடையதும் மாற்றியமைத்த கார்தான். சட்டம் அனுமதித்து, பிரேக் இன்ஸ்பெக்டர் ஓட்டிப் பார்த்து, ஆர்.சி.யில் ஏற்றிக் கொடுத்த மாற்றம் அது. அப்படியிருந்தும் இன்சூரன்ஸில் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. என்னைப் போன்ற நாலு பேருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எனக்கு 62 வயது. பெரம்பூரில் வசிக்கிறேன். இரண்டு வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் செயலிழந்தன. 31 ஆண்டுகள் தமிழாசிரியையாக வேலை பார்த்தேன். அதில் பெரும்பகுதி பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில்தான் பள்ளிக்குப் போய்வந்தேன். மழையில் நனைந்து வகுப்புக்குள் நுழையாத ஐப்பசி, கார்த்திகை எனக்கு இருந்ததே இல்லை. 2019இல் சேமிப்பைப் போட்டு ஒரு சிறிய ஆட்டோமேட்டிக் கார் வாங்கினேன். அதில் ஹேண்ட் கண்ட்ரோல் பொருத்த 30,000 ரூபாய் ஆனது. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு பிடி இருக்கும். அதிலிருந்து இரண்டு கம்பிகள் போய் பிரேக் பெடலையும் ஆக்சிலேட்டர் பெடலையும் பிடித்துக்கொள்ளும். முன்னால் தள்ளினால் பிரேக், இழுத்தால் வேகம். காரில் எதையும் வெட்டுவதில்லை, துளைப்பதில்லை. பெடல்கள் அப்படியே இருப்பதால் என் தம்பி அதே காரைக் காலால் ஓட்டுவான்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதியாகச் சொன்னது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லையேல் இரண்டும் என்று அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. ஆனால் உடல் குறைபாடு உள்ளவர் ஓட்டுவதற்காகச் செய்யும் மாற்றத்துக்கு அதே பிரிவு வழிவிடுகிறது. இப்படிப்பட்ட வண்டிக்குச் சட்டத்தில் முன்பு இருந்த பெயர் ‘இன்வேலிட் கேரேஜ்’. என் பழைய லைசென்ஸில் அந்தச் சொல்தான். இப்போது ‘அடாப்டட் வெஹிக்கிள்’ என்று மாற்றியிருக்கிறார்கள். சொல்லைச் சொல்லிக்கொடுத்தே வாழ்ந்தவள் நான். அந்த மாற்றம் எனக்கு எவ்வளவு பெரியது என்று என்னால் எழுதிக்காட்ட முடியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கார் டெலிவரி எடுத்த அன்றே ஷோரூமில் இன்சூரன்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஹேண்ட் கண்ட்ரோல் பொருத்தியது அதற்கு ஒன்பது நாள் கழித்து. ஆர்.சி.யில் ஏறியது அதற்கும் பிறகு. ஆக, பாலிசியைப் பொறுத்தவரை என் கார் கடையிலிருந்து வந்தபடியே இருக்கிறது. பாலிசிக் கம்பெனிக்குத் தனியாக எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று ஷோரூமில் சொல்லவில்லை, கிட் பொருத்தியவரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அதற்கப்புறம் ஐந்து வருடம் போனிலேயே புதுப்பித்தேன். ‘மேடம், லிங்க் அனுப்பியிருக்கோம், பணம் கட்டிடுங்க’ என்பார்கள். வண்டியில் ஏதாவது மாற்றியிருக்கிறீர்களா என்று ஒரு முறைகூட யாரும் கேட்டதில்லை.

2024 ஆகஸ்டில், பேப்பர் மில்ஸ் ரோட்டில், சந்திலிருந்து வேகமாக வந்த ஒரு ‘குட்டி யானை’ மினி லாரி என் பக்கத்துக் கதவோடு சேர்த்து முன்சக்கரத்தில் மோதியது. எனக்குத் தோளில் அடி, பெரிதாக இல்லை. காருக்கு டிங்கரிங், பெயிண்டிங், சஸ்பென்ஷன் என்று 74,000 ரூபாய் எஸ்டிமேட். ஹேண்ட் கண்ட்ரோலின் கம்பி வளைந்துபோனது, அது தனி. ஒர்க்‌ஷாப்புக்கு சேதத்தை மதிப்பிட வந்த இன்சூரன்ஸ் சர்வேயர் உள்ளே குனிந்து பார்த்துவிட்டு, “இது கம்பெனி ஃபிட்டிங் இல்லையே” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் நின்றது.

பிறகு கடிதம் வந்தது. வாகனத்தின் தன்மையை மாற்றியதைத் தெரிவிக்கவில்லை, எனவே கிளெய்ம் பரிசீலனையில் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது என்று. ஆர்.சி. நகலை அனுப்பினேன். கிட்டின் சான்றிதழையும் அனுப்பினேன். மறுபடி அதே கடிதம், தேதி மட்டும் வேறு. என் கார் அந்த ஒர்க்‌ஷாப்பில் பதினோரு வாரம் நின்றது.

அந்தப் பதினோரு வாரம் எப்படிப் போனது என்று சொல்லியாக வேண்டும். கால் நன்றாக இருப்பவருக்கு கார் இல்லையென்றால் பஸ், ஆட்டோ, மெட்ரோ. எனக்கு ஷேர் ஆட்டோவின் படியே மலை. தாழ்தளப் பேருந்தில் ஏறலாம்தான், ஆனால் அது நிற்கும் இடத்துக்கு எங்கள் தெருவிலிருந்து போய்ச்சேர வேண்டுமே, நடைபாதை முழுக்கக் கடையும் டிரான்ஸ்ஃபார்மரும். கால் டாக்ஸி கூப்பிட்டால், வீல்சேரைப் பார்த்ததும் டிக்கியில் இடமில்லை என்று கிளம்பிப் போனவர்கள் உண்டு. 84 வயது அம்மாவின் கண் சிகிச்சைக்கு இரண்டு முறை தேதி தள்ளிப்போட்டேன். கார் வந்த பிறகு நான் யாரையும் எதிர்பார்க்காமல் இருந்தேன், மறுபடி எல்லாவற்றுக்கும் தம்பியைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அவன் முகம் சுளிக்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

கடைசியில் அந்தக் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் எழுதினேன். ஒரு மாதத்துக்குள் பதில் இல்லையென்றால் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளரிடம் போவேன் என்றும் எழுதினேன். இதை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கான அந்த அலுவலகம் தேனாம்பேட்டையில், அண்ணா சாலையிலேயே இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. கம்பெனி மறுத்தாலோ, மனு கொடுத்து ஒரு மாதம் பதிலே இல்லாவிட்டாலோ அங்கே போகலாம், மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள். நான் போக வேண்டியிருக்கவில்லை. மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது பதில் வந்தது. 61,400 ரூபாய் கொடுத்தார்கள். ஹேண்ட் கண்ட்ரோல் ரிப்பேர் 9,500 ரூபாயை, பாலிசியில் இல்லாத பொருள் என்று தள்ளிவிட்டார்கள். தெரிவிக்காதது என் தவறு என்பதால் அதை நான் கேட்கவில்லை.

இதைவிட எனக்கு இரவில் தூக்கம் கெடுத்தது வேறொன்று. அன்று அந்த மோதலில் என் கார் திரும்பி, ஓரமாகப் போன ஒரு ஸ்கூட்டர்காரரை ஒரு முழம் இடைவெளியில் விட்டது. அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால்? தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸை எல்லா வண்டிக்கும் கட்டாயமாக்கியதே அடிபட்டவர் கைவிடப்படக் கூடாது என்பதற்காகத்தான். அந்த நஷ்டஈட்டை மறுக்கக் கம்பெனிகளுக்குச் சட்டம் சில குறிப்பிட்ட காரணங்களை மட்டுமே தருகிறது. ஆனால் முக்கியமான விவரத்தைச் சொல்லாமல் பாலிசி வாங்கியதும் அந்தக் காரணங்களில் ஒன்று. அதைப் படித்த அன்று எனக்கு உடம்பு நடுங்கியது. நான் எதையும் மறைக்கவில்லை. ஆனால் அதை நிரூபிக்க அந்த ஸ்கூட்டர்காரரின் குடும்பம் கோர்ட்டில் காத்துக்கொண்டிருக்க வேண்டுமா?

அடுத்த முறை புதுப்பிக்கும்போது போனை நம்பவில்லை. கம்பெனியின் கிளைக்கே வீல்சேரில் போனேன். முன்னால் இருந்த இளைஞருக்கு ஒன்றும் தெரியவில்லை. உள்ளேயிருந்து வந்த, ஓய்வுபெறும் வயதில் இருந்த ஓர் அதிகாரி ஆர்.சி.யை வாங்கிப் பார்த்தார். “அம்மா, இதுக்கு ஐஎம்டி 12 போட்டிருக்கணுமே” என்றார். ஐஎம்டி 12 என்பது பாலிசியில் சேர்க்கும் ஒரு விதி: மாற்றுத்திறனாளிக்காக வடிவமைத்த அல்லது மாற்றியமைத்த வண்டி என்று ஆர்.சி.யில் இருந்தால், ஓன் டேமேஜ் (நம் வண்டியின் சேதத்துக்கான) பிரீமியத்தில் பாதி தள்ளுபடி. 2002ஆம் ஆண்டு மோட்டார் டாரிஃப் என்ற கட்டண விதித்தொகுப்பிலிருந்தே இருக்கும் சலுகை! 2007 முதல் ஓன் டேமேஜ் கட்டணத்தைக் கம்பெனிகளே நிர்ணயிக்கின்றன என்றாலும், என் பாலிசியில் அந்தச் சலுகையை அவர் போட்டுக் கொடுத்தார். 9,200 ரூபாய் 4,600 ஆனது. ஹேண்ட் கண்ட்ரோலையும் 30,000 ரூபாய் மதிப்புள்ள துணைப்பொருளாக அதிலேயே சேர்த்தார். அதற்கு ஆன கூடுதல் பிரீமியம் 500 ரூபாய்கூட இல்லை. ஐந்து வருடம் ஓன் டேமேஜுக்கு நான் கட்டியதில் பாதி எனக்கு மிச்சமாகியிருக்க வேண்டிய பணம். பணம் போகட்டும். வருடா வருடம் என்னோடு பேசியவர்களில் ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், பதினோரு வாரம் நான் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

சி.என்.ஜி. கிட் மாட்டியவர்களுக்கும் இதே கதைதான் என்று ஒர்க்‌ஷாப்காரர் சொன்னார். ஆர்.சி.யில் எரிபொருளை மாற்றுகிறார்கள், பாலிசியில் கிட்டைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். அதற்கும் பாலிசியில் சேர்க்கத் தனிக் குறிப்பு (எண்டார்ஸ்மென்ட்) இருக்கிறது, கிட்டின் மதிப்பில் சிறு விகிதம்தான் பிரீமியம். ஜி.பி. ரோட்டில் ஸ்டீரியோவும் ஸ்கிரீனும் மாட்டுகிறவர்களும் பில்லைப் பத்திரமாக வைத்து பாலிசியில் காட்டிவிடுவது நல்லது.

எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. புதுப்பிக்க அனுப்பும் அந்த லிங்கில், பணம் கட்டும் பக்கத்துக்கு முன்னால், தமிழில் ஒரு வரி இருக்கட்டும்: ‘கடந்த ஆண்டு வண்டியில் ஏதாவது பொருத்தினீர்களா, ஆர்.சி.யில் ஏதாவது மாறியதா?’ இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் சொன்னால் எல்லாக் கம்பெனிகளும் ஒரே நாளில் செய்யக்கூடிய வேலை. மாற்றுத்திறனாளி கார் வாங்க வந்தால், கிட் பொருத்திய பின் பாலிசியைத் திருத்த வேண்டும் என்று ஷோரூமும் எழுதிக் கொடுக்கட்டும். 2014இல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றது. எங்களோடு இந்தத் தேவை முடிந்துவிடும் என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: பைக் விபத்தில் முதுகுத்தண்டு பாதித்த இளைஞர்கள்தான் இப்போது ஹேண்ட் கண்ட்ரோல் கேட்டு வருகிறார்கள்.

அப்படி ஒருவன் என் பழைய மாணவன். வயது 29. வரும் வெள்ளிக்கிழமை அவனுக்கு கார் டெலிவரி. அவன் அம்மா என்னையும் வரச் சொல்லியிருக்கிறார். என் பாலிசியின் நகலையும், ஆர்.சி. நகலையும் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன், ஷோரூம்காரரிடம் காட்டுவதற்கு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
பெரம்பூர், சென்னை - 11